தொட்டிலில் விழுந்த மலைத்தேரை

பெரியவளே, சின்னவனே,

போன வாரம் சித்தப்பா வீட்டுப் புதுமனை விருந்தில், பந்தியில் உட்கார்ந்திருந்த உங்கள் அத்தை பெரியவளைக் காட்டி, "இது யாரு தெரியுதா? தேர வுழுந்த பொண்ணு. இப்ப பாரு, பன மரமாட்டம் நிக்குது" என்று சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்ததும் பெரியவள், "அப்பா, என் மேல இன்னா வுழுந்துச்சு?" என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் சின்னவன், அக்கா மேல் தவளை விழுந்ததாக ஒரு பாட்டே கட்டிவிட்டான். வாயால் சொன்னால் ஆளுக்கொரு கேள்வி கேட்டு என்னைக் குழப்பிவிடுவீர்கள். அதனால் எழுதுகிறேன். எட்டாவது வரைதான் படித்தவன். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

தேரை விழுந்தது உண்மை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அப்போது சின்னவன் பிறக்கவில்லை. நானும் அம்மாவும் வெள்ளிமலையில் குடியிருந்தோம். கள்ளக்குறிச்சிக்காரர் ஒருவரின் ஜீப்பை நான் ஓட்டிக்கொண்டிருந்தேன். சாமை மூட்டையும் புளி மூட்டையும் சந்தைக்குப் போகிற ஆட்களும் கோழிகளும் எல்லாம் அதே ஜீப்தான். சில நாள் பிரசவ வலியோடு ஒரு பெண்ணும் வருவாள், அப்போது மட்டும் கோழிகள் இறங்கிக்கொள்ளும். கடைத்தெருவுக்குப் பின்னால் ஓட்டு வீடு ஒன்று வாடகைக்குக் கிடைத்தது. பெரியவளுக்கு ஒரு வயது நிறைந்திருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பழகியிருந்தாள்.

ஆடி மாதம். வெளியே தூறல். அம்மா விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தாள். ஓட்டுக்குக் கீழே கட்டையில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு தேரை தொட்டில் புடவையின் மேல் குதித்தது. அங்கிருந்து சறுக்கி, பெரியவளே, உள்ளே படுத்திருந்த உன் நெஞ்சின் மேல் விழுந்து, ஒரு நொடி நின்று, சுவருக்குத் தாவிவிட்டது. நீ அழவில்லை. அது போன பக்கமாகக் கையை நீட்டினாய். அம்மாதான் விளக்கைக் கீழே வைத்துவிட்டு உன்னைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு உனக்கு வயிற்றுப்போக்கு வந்தது. அது நின்றும் உடம்பு தேறவில்லை. காலும் கையும் குச்சியாகிக்கொண்டே வந்தன. தொடையில் தோல் மடிந்து தொங்கியது. வயிறு மட்டும் முன்னால் தள்ளி நின்றது. சுவரைப் பிடித்து நின்ற பிள்ளை உட்காரவும் சோர்ந்தது.

நம் பக்கத்தில் பிள்ளை இப்படி ஆனால் தேரை விழுந்துவிட்டது என்பார்கள். தேரையைப் பார்த்தவர்களுக்கு அது ஏன் என்று புரியும். அதற்கும் பெரிய வயிறு, குச்சிக் கால். தேங்காயை உடைத்து உள்ளே பருப்பு சரியாக இல்லாவிட்டால்கூட, தேரை மோந்துவிட்டது என்று அதன் மேல்தான் பழி. பாவம், தென்னை மரத்துப் பக்கமே போகாத தேரைகூட அந்தப் பழியைச் சுமக்கும்.

செய்தி கேட்டுக் களமருதூரிலிருந்து உங்கள் அத்தை மலைக்கு வந்தார். உன்னை மடியில் போட்டுத் தொடையைத் தொட்டுப் பார்த்தார். "எதுனா வுழுந்துச்சா?" என்று கேட்டார். அம்மா தேரை விழுந்ததைச் சொன்னாள். அத்தையின் முகம் மாறிவிட்டது.

அத்தையை நீங்கள் தப்பாக நினைக்கக் கூடாது. அவருக்கு முதலில் ஒரு ஆண் குழந்தை இருந்தது. அதுவும் இப்படித்தான் மெலிந்து மெலிந்து போய்விட்டது. அவர் புகுந்த வீட்டில் அதற்குத் தேரை கட்டினார்கள். அது காய்வதற்குள் குழந்தையை வெளியே தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அதனால்தான் பிழைக்கவில்லை என்பது அத்தையின் எண்ணம். அந்த எண்ணத்தோடுதான் அவர் மலை ஏறி வந்தார்.

தேரை கட்டுவது என்றால் என்னவென்று சொல்கிறேன். உயிரோடு ஒரு தேரையைப் பிடிக்க வேண்டும். பிள்ளையின் தலையைச் சுற்றி, வெள்ளைத் துணியில் முடிந்து, வாசல் நிலையில் தொங்கவிட வேண்டும். அது காயக் காயப் பிள்ளை தேறும். காய்ந்து முடிகிற வரைக்கும் பிள்ளை படி தாண்டக் கூடாது. அதோடு பத்தியம். பருப்பு இல்லை, முட்டை இல்லை, வாழைப்பழம் இல்லை. பிள்ளைக்குக் கஞ்சித் தெளிவு மட்டும். பால் கொடுக்கிறவளுக்கும் ரசம் சோறுதான்.

பத்தியம் அன்றைக்கே தொடங்கிவிட்டது. தேரை கட்டுவதை மட்டும் நான் தள்ளிப்போட்டேன். கீழே கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு வந்து கட்டலாம் என்று சொன்னேன். ஒவ்வொரு நாளும் ஏதோ ஒரு சவாரி குறுக்கே வந்தது. கடைசியில், நாளைக்குப் போகலாம் என்று இருந்தபோது சாலை மறியல் தொடங்கிவிட்டது.

அது இடஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்த வருஷம். படிப்பிலும் வேலையிலும் எங்களுக்கு உண்டான பங்கைத் தனியாகப் பிரித்துக் கொடுங்கள் என்பது அவர்கள் கோரிக்கை. ஊர் ஊராக ஆட்கள் ரோட்டுக்கு வந்துவிட்டார்கள். சாலை ஓரத்துப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்துவிட்டார்கள். கீழேயிருந்து பஸ் வரவில்லை, காய்கறி வரவில்லை, பேப்பர் வரவில்லை. அது பெரிய கதை, நீங்கள் வளர்ந்து நீங்களே படித்துக்கொள்வீர்கள். எங்களுக்கு அன்று தெரிந்தது, ஜீப் வாசலில் நிற்கிறது, அதற்கு ரோடு இல்லை என்பதுதான்.

"ரோடு அடச்சதும் ஒரு நல்லதுக்குத்தான்டா" என்றார் அத்தை. "இப்ப யாரும் புள்ளைய படி தாண்ட வெக்க முடியாது பாரு. போய் ஒரு தேர புடிச்சாந்துடு. மலத் தேர. நம்ம ஊர்ல இருக்கறதவுட இதுக்கு வீரியம் ஜாஸ்தி."

"தேரையில இன்னாக்கா வீரியம் ஜாஸ்தி, கம்மி?"

"உனுக்கு ஜீப்பு ஓட்டத்தான் தெரியும். போ."

போனேன். மழை நாளில் தானாக வந்து குதிக்கிற தேரை, தேடினால் கிடைக்காது. பகலில் அது தூங்குகிற பிராணி. மர இடுக்கிலும் பானைக்குப் பின்னாலும் பார்த்தேன். வீட்டுக்குப் பின்னால் வாழை மரத்தில், இலைக் காம்பு மட்டையோடு சேர்கிற பள்ளத்தில், ஒரு மண்ணாங்கட்டி ஒட்டியிருந்தது. மண் அங்கே எப்படிப் போகும் என்று கிட்டே போனேன். அதுதான் தேரை.

அதன் உருவத்தைச் சொல்கிறேன். அடுத்த முறை குளியலறையில் வந்தால் கத்தாமல் நின்று பாருங்கள்.

உட்கார்ந்திருக்கும்போது அது பெரியவளின் கட்டை விரலை மடக்கினால் எவ்வளவோ அவ்வளவுதான். நான்கு காலையும் உடம்புக்குள் இறுக்கி மடித்து வைத்துக்கொண்டு, எங்கே கால், எங்கே வயிறு என்று தெரியாமல் செய்துவிடும். நிறம் காய்ந்த வைக்கோல். முதுகில் கொஞ்சம் இருட்டாகத் திட்டுத் திட்டாக. கண்ணுக்குப் பின்னாலிருந்து தோள் வரை மை தீட்டியது போல ஒரு கோடு. கண் அந்த உடம்புக்குக் கொஞ்சம் அதிகம்தான். அரைக்கண் மூடியிருந்தது. கருவிழி நம்முடையது போல வட்டமாக இல்லை, படுக்கைவாட்டில் ஒரு கீறல். அதைச் சுற்றிப் பித்தளைப் பொடி தூவியது போல ஒரு மினுமினுப்பு. தொண்டை மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது. மற்றபடி அசைவே இல்லை.

துணியைப் போட்டு அமுக்கினேன். கைக்குள் வந்ததும் குளிர்ந்து, ஈரமாக, வழுக்கிக்கொண்டு இருந்தது. வயிறு வெள்ளை. வடித்த சாமைச் சோறு போலப் பொரிப் பொரியாக இருந்தது. விரல் நுனி ஒவ்வொன்றிலும் சட்டைப் பொத்தான் போல ஒரு வட்டம். அந்தப் பொத்தான்களை என் பெருவிரலில் வைத்து ஒட்டிக்கொண்டது. பிடுங்கினால் மெல்லத்தான் விட்டது. சுவரில் தலைகீழாக நிற்பது இதனால்தான் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

பிறகு அது ஒரு உதை விட்டது. பின்னங்கால் முழுதாக நீண்டது. இவ்வளவு நீளக் கால் அந்தச் சின்ன உடம்புக்குள் எப்படி மடிந்திருந்தது என்று ஆச்சரியமாக இருந்தது. உட்கார்ந்தால் தெரியாத தொடையின் பின்பக்கம் கத்தரிப்பூ நிறத்தில் கருத்து, அதன் மேல் வட்ட வட்டமாக மஞ்சள் புள்ளிகள். மஞ்சளைக் குழைத்து விரல் நுனியால் பொட்டு வைத்தது போல. எங்கள் ஊர் வயக்காட்டில் நான் பார்த்த தேரைகள் இதைவிடப் பெரியவை, நிறமும் மங்கல். இது வேறு இனமா, மலைக் குளிரில் இப்படி ஆகுமா, எனக்குச் சொல்லத் தெரியாது.

அத்தை அதைக் கையில் வாங்கவில்லை. துணியோடு முடியச் சொன்னார். உன் தலையைச் சுற்றியதும், வாசல் நிலையில் ஒரு ஆணியில் கட்டினேன்.

மறுநாள் மதியம் வெயில் அடித்தது. அம்மா வாசலுக்கு நேரே உட்கார்ந்து உனக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். பால் எங்கே இருந்தது, ரசம் சோற்றில்? நீ இழுத்துப் பார்ப்பாய், விட்டுவிடுவாய், அழக்கூடத் தெம்பில்லாமல் முனகுவாய். நான் ஜீப்பின் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு தேவையில்லாமல் எதையோ துடைத்துக்கொண்டிருந்தேன்.

"இன்னாங்க, கொஞ்சம் வாங்க" என்றாள்.

போனேன். துணி முடிச்சின் இடுக்கில் தேரையின் ஒரு பின்னங்கால் வெளியே வந்து தொங்கிக்கொண்டிருந்தது. முந்தைய நாள் பளபளத்த தொடை சுருங்கியிருந்தது. மஞ்சள் புள்ளிகள் ஒன்றோடொன்று நெருங்கிவிட்டன.

"இந்தக் கால பாருங்க" என்றாள். பிறகு மடியிலிருந்த உன் காலைத் தூக்கிக் காட்டினாள். "இந்தக் கால பாருங்க."

நான் குனிந்து இரண்டையும் பார்த்தேன்.

"ஒண்ணு காஞ்சா ஒண்ணு தேறும்ன்றாங்க. எனக்கு ரெண்டும் சேந்து காயற மாதிரிதான் தெரியுது."

உள்ளேயிருந்து அத்தை வந்தார். "இன்னா பேச்சு அது, புள்ளைய மடியில வெச்சிக்கினு?"

"அண்ணி, நீங்க சொன்னது எல்லாத்தையும் செஞ்சேன். பருப்ப நிறுத்தச் சொன்னீங்க, நிறுத்துனேன். முட்டைய நிறுத்தச் சொன்னீங்க, நிறுத்துனேன். வாசல்ல ஒண்ணு காயறத பாத்துக்கினே என்னால பால் குடுக்க முடியல. பாலும் வரல."

"அவுக்காத. சொல்றேன், அவுக்காத. எங்க வூட்டுல அவசரப்பட்டுத்தான் நான் புள்ளைய வுட்டேன்."

"உங்க புள்ள போனதுல எனக்கும் துக்கம்தான் அண்ணி" என்றாள் அம்மா. உன்னை என் கையில் கொடுத்தாள். மணைப் பலகையைக் காலால் தள்ளி வாசலில் போட்டு, அதன் மேல் ஏறி முடிச்சை அவிழ்த்தாள். தேரை துணியோடு கொஞ்ச நேரம் ஒட்டிக்கிடந்தது. செத்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அம்மா சொம்புத் தண்ணீரை அதன் மேல் தெளித்தாள். வைக்கோல் நிறம் மெல்ல மெல்லக் கருத்து, ஈரச் செங்கல் போல ஆனது. தொண்டை அடிக்கத் தொடங்கியது. பிறகு பொத்தான் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துச் சுவரில் ஏறி, வாழைப் பக்கம் போய்விட்டது.

அத்தை உள்ளே போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

"டீசல் இருக்குது" என்றேன் அம்மாவிடம். "எதுவரைக்கும் வுடறாங்களோ அதுவரைக்கும் போலாம். அப்பால நடந்துக்கலாம்."

அம்மா பையில் துணிகளைத் திணித்தாள். நாங்கள் படி இறங்கும்போது அத்தை எழுந்து வந்தார். நிறுத்தப் போகிறார் என்று நினைத்தேன். இடுப்பிலிருந்த இரும்புச் சாவியை எடுத்து உன் போர்வைத் துணியின் முனையில் முடிந்தார். "போற வழியில காத்து கருப்பு அண்டாது" என்றார். என்னைப் பார்க்காமல், "இருட்டறதுக்குள்ள டாக்டரு பாத்துருவாங்களாடா?" என்று கேட்டார்.

மலை ரோட்டில் தடையில்லை. எதிரே ஒரு வண்டிகூட வராத அந்த ரோட்டில் நான் ஜீப் ஓட்டியது அன்று ஒருநாள்தான். அடிவாரம் இறங்கிக் கச்சிராயபாளையம் தாண்டியதும் முதல் மரம் கிடந்தது. பெரிய புளியமரம், கிளையும் காயுமாக ரோட்டை முழுதாக மூடிக்கொண்டு. அதன் மேல் இளைஞர்கள் உட்கார்ந்து சீட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள்.

"வண்டி போவாது. திருப்பு" என்றான் ஒருவன், சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"கொழந்தைக்கு ஒடம்பு செரியில்லபா. ஆஸ்பத்திரி."

"எல்லாரும் இதத்தான் சொல்றாங்க. காலைல ஒருத்தன் மாமியார கெடத்திக்கினு வந்தான், தாண்டுனதும் அந்தம்மா எழுந்து ஓடுது." மற்றவர்கள் சிரித்தார்கள். "நீங்க இன்னா ஆளுங்க?"

நான் பதில் சொல்வதற்குள் இன்னொருவன் கிட்டே வந்து துணியை விலக்கி உன்னைப் பார்த்தான். அவன் சிரிக்கவில்லை. "டேய், அதெல்லாம் அப்பால கேட்டுக்கலாம். எழுந்து அந்தக் கொப்ப வெட்டு" என்றான்.

கிளைகளை வெட்டி ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு வழி செய்தார்கள். அடிமரத்தின் மேல் ஒருவன் ஏறி நின்றான், அந்தப் பக்கம் ஒருவன். அம்மா உன்னை நீட்டினாள், கை மாறிக் கை மாறி நீ மரத்தைத் தாண்டினாய். "இன்னாடா இது, காத்தாட்டம் கீது" என்று வாங்கியவன் முணுமுணுத்தான். ஜீப்பை என்ன செய்வது என்று நான் திரும்பிப் பார்த்தேன். "வண்டிய எவனும் தொடமாட்டான். நாங்க இங்கதான குந்திக்கினு இருக்கறோம்" என்றான் முதலில் வழி மறித்தவன்.

அவர்களில் ஒருவன் சைக்கிள் கொண்டுவந்தான். அம்மா தயங்கினாள். "ஏறுங்கண்ணி. கெட்டியா புடிச்சுக்குங்க, பிரேக்கு கம்மி" என்றான். அம்மாவும் நீயும் பின்னால், நான் பக்கத்தில் ஓட்டமும் நடையுமாக. வழியில் வரிசையாக மரங்கள் கிடந்தன. ஒவ்வொரு மரத்திலும் அவனே ஆட்களைக் கூப்பிட்டு, உன்னைத் தாண்ட வைத்து, சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான். கரும்பு வண்டிகள் சரக்கோடு ரோட்டோரம் நின்று, கரும்பு காய்ந்த வாசனை வழியெல்லாம் இருந்தது. வெளிச்சம் இருக்கும்போதே கள்ளக்குறிச்சி போய்விட்டோம். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு, ஒரு வாய்த் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல் அவன் திரும்பிப் போனான்.

டாக்டரம்மா உன்னைத் தூக்கிப் பார்த்தார். தொடைத் தோலைக் கிள்ளிப் பார்த்தார். "என்ன சாப்பாடு கொடுக்கறீங்க?" என்று கேட்டார்.

"கஞ்சித் தெளிவு" என்றாள் அம்மா.

"அதோட?"

"அதோட இன்னாம்மா, பத்தியம்தான். தேர வுழுந்துச்சு."

டாக்டரம்மா கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன். அவர் கோபிக்கவில்லை. நாற்காலியை அம்மாவின் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார். "இவளுக்குப் பசிம்மா. வேற பெருசா ஒண்ணுமில்ல. வயித்துப்போக்குல போனதைத் திரும்பப் போடவே இல்ல நீங்க. பருப்பு குழைச்சு, எண்ணெய் விட்டு, கொஞ்சம் கொஞ்சமா அடிக்கடி கொடுங்க. முட்டை கொடுங்க. நீயும் சாப்பிடு" என்றார். சில நாள் அங்கேயே இருக்கச் சொன்னார்.

அம்மா உன் காலைத் துணியால் மூடினாள். பிறகு, "பசின்னு ஒருத்தரும் சொல்லலையே" என்றாள்.

பருப்புச் சோற்றை முதல் வாய் வாங்கியதும் நீ துப்பிவிட்டாய். இரண்டாவது வாயும். அப்புறம் அம்மாவின் விரலையே பிடித்துக்கொண்டு சப்பினாய். நாங்கள் அங்கே இருந்த நாட்களில் உன் முகத்தில் கன்னம் என்று ஒன்று திரும்ப வந்தது. பக்கத்துக் கட்டில்காரி, "இன்னா, ஆளே மாறிட்டா" என்றாள்.

அத்தை இன்றைக்கும் தேரை விழுந்த பெண் என்றுதான் சொல்கிறார். தேரை உயிரோடு போகும்போது தோஷத்தையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது என்று நம்புகிறார். சொல்லட்டும். அதற்காக யாரும் அவரிடம் வாதாட வேண்டாம்.

மறியல் முடிந்து மரங்களை ஓரத்துக்கு இழுத்துப் போட்டதும், அம்மாவையும் உன்னையும் கீழே அம்மாவின் அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு, நான் மட்டும், விட்ட இடத்திலேயே யாரும் தொடாமல் நின்ற ஜீப்பை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனேன். அத்தை ஏற்கெனவே முதல் பஸ் பிடித்து ஊருக்குப் போயிருந்தார். போவதற்கு முன்னால் வீட்டைக் கழுவி, பாத்திரத்தைத் துலக்கிக் கவிழ்த்து, பின்பக்கத்துச் சிமெண்டுத் தொட்டியையும் தண்ணீர் இறைத்துத் தேய்த்துக் காயவைத்திருந்தார். அவர் கை பட்டால் வீடு அப்படித்தான் இருக்கும்.

தொட்டியின் உள்சுவரில், விளிம்புக்குக் கொஞ்சம் கீழே, அவர் தேய்த்துவிட்டுப் போன பிறகு வந்து ஒட்டியதுபோல ஒரு கை அளவுக்கு வெள்ளை நுரை இருந்தது. அடித்த முட்டை வெள்ளை போல. மேலே லேசாக ஓடு கட்டியிருந்தது. இது என்னவென்று எனக்குத் தெரியும். சின்ன வயதில் மதகோரத்துச் செடிகளில் பார்த்திருக்கிறேன். தேரை முட்டையை இப்படி நுரைக்குள் வைத்துவிட்டுப் போய்விடும். உள்ளே குஞ்சுகள் வால் முளைத்து, நுரை இளகியதும் சொட்டுச் சொட்டாகக் கீழே தண்ணீரில் விழும். தொட்டியின் அடியில், அத்தை போன பிறகு பெய்ததில், இரண்டு சிரட்டை அளவு மழைத் தண்ணீர்தான் தேங்கியிருந்தது. அதுவும் வெயிலில் வற்றிக்கொண்டிருந்தது.

பையைக் கீழே வைத்தேன். குடத்தை எடுத்துக்கொண்டு தெருக்கோடி அடிகுழாய்க்குப் போய், தண்ணீர் பிடித்து வந்து, நுரையின் மேல் படாமல் எதிர்ச்சுவர் ஓரமாகத் தொட்டிக்குள் ஊற்றினேன். மறுபடியும் குடத்தை எடுத்துக்கொண்டு போனேன்.